தோள்வலி என்றுதான் சொன்னார்

சனிக்கிழமை சாயங்காலம் அமலன் வீட்டுக்கு வந்தபோது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்ற வழக்கமாகக் கதவைப் பிடித்துக்கொள்வார். அன்று சுவரில் சாய்ந்துகொண்டு காலை உதறியே கழற்றினார். நான் குசினியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். “என்ன, இன்னைக்கு மூட்ட கூடுதலா?” என்று அங்கிருந்தே கேட்டேன். “ஆமாளா. தோளு இழுத்துப் பிடிச்சிட்டு” என்றார். உப்பு லோடு ஏற்றுகிறவருக்குத் தோள் வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்று சொல்லிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அலமாரியிலிருந்து மசாஜ் மெஷினை எடுத்து வந்தேன். அதை எடுக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

மெஷினை அனுப்பியவன் என் தம்பி வளன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மச்சான் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டதும், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். கறுப்புப் பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான், அதன் நுனியில் மாட்டிக்கொள்ள உருண்டையும் தட்டையுமாக நாலு ரப்பர் தலைகள். சார்ஜ் போட்டுப் பொத்தானை அமுக்கினால் டிர்ர்ர் என்று ஆயிரம் குத்து குத்தும். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்று அதற்கு முன் வந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமி அக்கா இடுப்புக்கு வைத்துப் பார்த்துவிட்டு, “ஏளா பிளாரன்ஸ், இத மட்டும் நெதம் பத்து நிமிசம் வச்சு விட்டேன்னா ஒன் வீட்டுத் துணியெல்லாம் நான் தொவச்சுத் தாரேன்” என்றாள். வைத்து விட்டேன். ஒரு துணியும் துவைக்கவில்லை. எங்கள் மகள் அனிஷா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பேசினால் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வரும், அதைக் கேட்டு அமலன் சிரித்தால் நிறுத்த மாட்டார்.

அவர் மூட்டை தூக்கப் போனது என்னால்தான். பதினேழு வயதிலிருந்து அவர் சங்கு குளிக்கிறவர். முன்னெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். இப்போது வள்ளத்தில் கம்ப்ரசரை வைத்து, நீளமான ட்யூபைப் பல்லில் கடித்துக்கொண்டு, காற்றை இழுத்தபடி மணிக்கணக்கில் அடியில் கிடப்பார்கள். கூடாது என்று சட்டமே இருக்கிறது. போன வருசம் பக்கத்து வள்ளத்தில் ஒருவரை ட்யூபோடு தூக்கிப் போட்டபோது மூச்சில்லை. அந்தச் சாவு வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அனிஷா கோவிலில் புதுநன்மை வாங்கிய அன்று, அவள் வெள்ளை கவுனோடும் தலையில் பூமுடியோடும் நிற்கும்போது, அவள் தலையில் இவர் கையைப் பிடித்து வைத்து, இனி ட்யூப் கடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் வாங்கினேன். எனக்கு வாய் நீளம்; தெருவே சொல்லும். மறுவாரம் உப்பு கோடவுனில் லோடு ஏற்றப் போகிறேன் என்றார். அதிலிருந்து சட்டையில் உப்புப் பூத்துத்தான் வருவார், கண் சிவந்துதான் இருக்கும். உப்பளத்துக் காந்தலுக்குக் கண் சிவக்கத்தானே செய்யும் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன்.

அன்று அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, உருண்டைத் தலையை மாட்டி, வலது தோளில் வைத்தேன். மெஷினில் ஐந்து வேகம் உண்டு. மூன்றில் ஆரம்பித்தேன். “எப்படி இருக்கு?” என்றேன். “நல்லா இருக்கு” என்றார். ஐந்துக்கு ஏற்றினேன். தோளிலும் நெஞ்சோரத்திலும் தோல் திட்டுத் திட்டாகச் சிவந்து, நீலம் ஓடியது. மெஷின் சூட்டுக்கு அப்படி ஆகிறது என்று நினைத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அரை மணி நேரம் போட்டிருப்பேன். என் கையே மரத்துப்போனது. அவர் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தார். சுகத்தில் தூங்கிவிட்டார் என்று மெஷினை அணைத்தேன். “போதும்ளா, நீ போய்ச் சோறு தின்னு” என்று தலையணைக்குள்ளிருந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கிளம்பும்போது கால் இரண்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், “ஞானையாகிட்ட கேட்டுக்கிட்டு கடலுக்குப் போய் ஒரு முங்கு போட்டுட்டு வாரேன். தண்ணிக்குள்ள கொஞ்சம் ஒக்காந்துட்டு வந்தா சரியாப் போயிரும்” என்றார். ஞானையா, அவர் முன்பு போய்க்கொண்டிருந்த வள்ளத்தின் சொந்தக்காரர். எனக்கு வந்ததே கோபம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் யாரும் கடலில் இறங்குவதில்லை. சாமிக்கு விட்ட நாள். அன்றைக்குப் போனவன் வலை திரும்பாது என்பார்கள். “ஞாயித்துக்கெழம கடலா? அதுவும் ஞானையாகூடயா? சத்தியம் பண்ணி ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள கடலு கூப்பிடுதோ? கூப்பிட்டா போங்க, வரும்போது நான் இருக்க மாட்டேன்” என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கோவிலில் முழந்தாள் போட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சோம்பேறித்தனம் என்று முழங்கையால் இடித்தேன்.

மதியம் கால்களுக்கும் மெஷினை வைத்தேன். கெண்டைக்காலில், தொடையில், இடுப்பில், ஐந்தாம் வேகத்தில். சாயங்காலம் ஒன்றுக்குப் போக எழுந்தவர் இரண்டு அடி வைத்துக் கீழே விழுந்தார். “என்னமோ கால் என் கால் மாதிரி இல்ல” என்றார். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட அக்கம்பக்கத்தார் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். திங்கட்கிழமை காலையில் கட்டிலை விட்டே எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். ஊசியால் காலைக் குத்திக்கொண்டே, “எவ்வளவு ஆழத்துக்கு டைவ் பண்ணாங்க?” என்று என்னிடம் கேட்டார். “அவரு கடலுக்கே போகல டாக்டர். உப்பு லோடுக்குத்தான் போறாரு” என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பினால், கேள்விப்பட்டு வந்த ஞானையா, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். “பத்துப் பாகம் இருக்கும் டாக்டர். சனிக்கெழம மூணு எறக்கம். கடைசி எறக்கத்துல கம்ப்ரசர் நின்னுட்டு. மூச்சில்லாம ஒரே ஏத்தா மேல வந்துட்டான்.” என்னைப் பார்க்காமலே சொல்லி முடித்தார். பத்துப் பாகம் என்றால் ஆறு மாடி உயரம். நான் அமலனைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழத்தில் இழுத்த காற்று, வேகமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும், சோடாவைத் திறந்த மாதிரி என்றார் டாக்டர். அது மூட்டில் நின்றால் தோள்வலி, முதுகுத்தண்டில் நின்றால் கால். வலி வந்த உடனே வந்திருந்தால் ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை இருக்கிற ஊருக்கு அனுப்பியிருக்கலாம், இப்போதும் அனுப்புகிறேன், ஆனால் நாற்பது மணி நேரம் ஆகிவிட்டது என்றார். “தோள் வலிச்ச அன்னைக்கு என்ன செஞ்சீங்க?” சொன்னேன். ஐந்தாம் வேகம் என்பதையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். மறுபடி கடலுக்குள் இறங்கியிருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். “அதுவும் தப்புதான். அதுல செத்தவங்க இருக்காங்க.” பிறகு, “மெஷினால ஒன்னும் ஆகலம்மா. நேரந்தான் போச்சு” என்றார். அந்த நேரத்தில் மெஷினைக் கையில் வைத்திருந்தது யார் என்பதை அவர் சொல்லவில்லை.

அழுத்த அறையில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள். கை சரியானது. தோள் சரியானது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் திரும்பவில்லை. அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று யாரோ யாரையோ தேற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது. பத்துப் பாகத்துக்கும் ஒன்பது பாகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று என் புருஷனைக் கேட்டால் தெரியும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள், அவருக்குச் சோறு ஊட்டும்போது கேட்டேன். கை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த நாட்களில் நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா என்ன? திட்டிருப்பேன். திட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்லா?” அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். “மூட்ட தூக்க எனக்கு வரலளா. ரெண்டு நாள் போய்ப் பாத்தேன். தண்ணிக்கு மேல இருந்தா நான் ஒன்னுத்துக்கும் ஆகாதவன் மாதிரி இருக்கு” என்றார். பிறகு, “அன்னைக்கு வாசல்லயே சொல்லிரணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீ மெஷின எடுத்துட்டு வந்துட்ட. ஒம் மூஞ்சில அவ்வளவு சந்தோசம்” என்றார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திட்டுக்குப் பயந்து சொல்லவில்லை என்றிருந்தால்கூட என் வாயைக் குறை சொல்லிக்கொண்டு கிடந்திருப்பேன்.

மெஷினை உடைத்துப் போட நினைத்தேன். பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை வருகிற பிசியோ பெண்தான், எலும்பு மேல் வைக்காமல், குறைந்த வேகத்தில் காலுக்கு வைக்கலாம், தப்பில்லை என்றாள். அதிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாம் வேகத்தில் வைக்கிறேன். முதல் மாதம் முழுக்க, தெரியுதா என்று கேட்பேன், இல்லை என்பார். இரண்டாம் மாதமும் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் என் முகம் எப்படிப் போனதோ, எனக்குத் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நாலாம் மாதம் ஒரு நாள், “வலது பெருவெரல் பக்கம் என்னமோ அதிருதுளா” என்றார்.

நான் தெருவில் இறங்கி ஓடினேன். பிலோமி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாதா கோவிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வளன் போனில், “யக்கா, மிசினு வேல செய்யுதுலா” என்று சொல்லிவிட்டுப் பேச முடியாமல் வைத்தான். அடுத்த வாரம் பெருவிரலிலிருந்து பாதத்துக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் கணுக்கால். அனிஷா கணுக்காலில் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினாள். பிசியோ பெண் தட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று இருந்தேன். பெரிய டாக்டரிடம் காட்ட வருகிற புதன்கிழமை திருநெல்வேலிக்குக் கார் சொல்லியிருக்கிறது. வளன் கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டுவிட்டான், மச்சான் நிற்பதைப் பார்க்க வேண்டுமாம்.

நேற்று மதியம் அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாடையோடு காற்று வந்துகொண்டிருந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வலது கெண்டைக்காலில் மெஷினை வைத்திருந்தேன். அனிஷாவின் பள்ளிக்கூடத்து வேன் எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். திரும்பிய வாக்கில் கை நழுவி, மெஷின் அவர் காலை விட்டு இறங்கி மெத்தையில் உட்கார்ந்துவிட்டது. கவனிக்கவில்லை. அது மெத்தையைக் குத்திக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

“ஆங், அங்கனதான்” என்றார் அமலன், கண்ணைத் திறக்காமல். “இன்னைக்கு நல்லாவே தெரியுதுளா.”

குனிந்து பார்த்தேன். காலுக்கும் மெஷினுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அனிஷா போட்ட பேனாக் கோடு அழிந்து மங்கலாக இருந்தது. எடுத்துக் காலில் வைக்கலாமா என்று நினைத்தேன். வைத்தால் மட்டும் என்ன. அவர் நெற்றி சுருங்கியிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு, என் கை எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

“இங்கனயா?” என்று கேட்டேன். குரல் நல்லபடியாகத்தான் வந்தது.

“கொஞ்சம் மேல.”

மெத்தையின் மேல் மெஷினை ஒரு சாண் நகர்த்தினேன்.