காதுக்கு மேல் ஏறிய குல்லா

தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டு வெளியே தெரியாமல் குல்லாவை இழுத்துவிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்பாவின் விறைத்த தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் பழுப்பு நிறக் குரங்குக் குல்லாவைக் கீழே இழுத்தாள் அனிட்டா. ஒரு காது உள்ளே போனால் மறு காது வெளியே வந்தது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபமாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செத்தவருக்கு எதற்குக் குல்லா என்று ஒருத்தி கேட்டாள். குல்லா இல்லாவிட்டால் சூசையண்ணன் என்று யார் நம்புவார்கள் என்றாள் இன்னொருத்தி. இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காலையிலிருந்து இப்படித்தான். வருகிறவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, அவர் சொன்ன ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அழுதவர்கள்கூடச் சிரித்துத்தான் அழுதார்கள்.

சூசைமாணிக்கம் பள்ளி விடுதிச் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். கோயில் திருவிழாவில் பேசப் போய், உள்ளூர் கேபிளுக்கு வந்து, பிறகு யூடியூபில் ஏறியவர். மேடையில் அவருக்கு ஜோடி பழனிக்காரர் சுப்புராஜ். சூசை கதையை அளந்துகொண்டே வருவார். முடிக்கும் இடம் வந்ததும் நிறுத்துவார். கூட்டத்தில் யாரோ கூப்பிட்டது போல, குல்லாவின் ஓரத்தை வலது காதுக்கு மேல் ஏற்றிக் கேட்பார். அதற்கே சிரிப்பு கிளம்பிவிடும். பிறகு கடைசி வரியைப் போடுவார். உடனே சுப்புராஜ், “அண்ணே, இது நியாயமாண்ணே?” என்பார். அதோடு பந்தல் ஆடும்.

வீட்டில் அந்தக் குல்லா ஒருநாளும் காதுக்கு மேல் ஏறியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பனி மூடிய பேரிக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடுகிறீர்களா என்றால் தலையசைப்பு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அனிட்டா. ரிசல்ட் வந்த அன்று செல்போனை அவர் முன்னால் நீட்டினாள். பார்த்தார். “ம்” என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் மேடையில் சொன்னார்: “எம் பொண்ணு பி.ஏ. இங்கிலீஷு. வீட்டுக்குள்ள எலி வந்துருச்சு, வெரட்டுடின்னேன். எக்ஸ்கியூஸ் மீன்னுச்சு. எலியும் தேங்க்யூன்னு சொல்லிட்டு அரிசிப் பானைக்குள்ள போயிருச்சு.” அந்த வீடியோ வந்த பிறகு மளிகைக் கடைக்காரர்கூட அவளிடம் எக்ஸ்கியூஸ் மீ என்று சொல்லித்தான் பருப்பை நீட்டினார். அவள் பட்டம் வாங்கியது அதற்கா?

அதைவிடப் புகழ்பெற்றது கல்லறைச் சுவர் ஜோக். “எங்க சொந்த ஊருக் கல்லறையில நடுவுல சுவரு. அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் நாங்க. கடைசி நாள்ல வானத்துலருந்து எக்காளம் ஊத வந்த சம்மனசு தெகைச்சுப் போய் நிக்கிது. எந்த கேட்டுல மொத டோக்கன் குடுக்குறதுன்னு தெரியல.”

அதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் ஒருவன் அருள்பிரகாஷ், டாக்சி டிரைவர். சுவருக்கு அந்தப் பக்கத்து ஆள். இப்படிப் பேசுகிற மனிதர் என்று நம்பித்தான் அக்கா ஜூலியட்டைப் பெண் கேட்டு வீட்டுக்கே வந்தான். அப்பா கோபப்படவில்லை. அவன் போன பிறகு, அவன் டீ குடித்த டம்ளரைத் தன் கையாலேயே எடுத்துப்போய்ப் பின்பக்கப் பள்ளத்தில் எறிந்தார். அந்த வாரமே அக்கா அவனோடு கிளம்பிப் போனாள். ஆறு வருடமாகப் பழனியில் இருக்கிறாள். சுவர் ஜோக்கை அப்பா அதற்குப் பிறகும் விடவில்லை. ஒவ்வொரு மேடையிலும் கைதட்டு வாங்கினார்.

மடியில் செல்போன் அதிர்ந்தது. ஜூலியட்.

“மாதா கெபிகிட்ட நிக்கிறேன் அனி. பெரியப்பா தெருமொனைல சேர் போட்டு உக்காந்துருக்காரு. உள்ள விட மாட்டேங்கிறாரு. அப்பா சொல்லிட்டுப் போயிருக்காராமே.”

அனிட்டா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஜெபமாலையின் ஒரே மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வந்திருக்கிறாள் என்று காதோரம் சொன்னதற்கு, “அவர்தான் சொல்லிட்டாருல்ல” என்றாள். மணியை விடவில்லை.

சொன்னார்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஒரு சாயங்காலம், படுக்கையில் விழுந்த பிறகு. அனிட்டா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஆக்னல் கட்டில் ஓரத்தில் இருந்தார். “நான் செத்தா அவ எம் மூஞ்சியப் பாக்கக் கூடாது. ஆணி அடிச்ச பொறவு வேணா பெட்டியப் பாத்துட்டுப் போகட்டும்” என்றார் அப்பா. பெரியப்பா சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். சிரிப்பு ஏதாவது வருகிறதா என்று அனிட்டா காத்திருந்தாள். அப்பாவின் கை குல்லாவுக்குப் போனது. மேலே ஏற்றவில்லை. இரண்டு காதும் மூடும்படி கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இப்போது பங்குச் சாமியார் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. வந்தால் பெட்டியை மூடிவிடுவார்கள்.

அவள் எழுந்து தெருவுக்குப் போனாள். தார்ப்பாய்க்குக் கீழே ஆண்கள் கூட்டம். நடுவில் சுப்புராஜ் பழைய மேடைக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருமுனையில் வழியை மறித்தபடி பெரியப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு அப்பால் கெபியின் நீலக் கம்பி வேலி ஓரம் ஜூலியட் நின்றாள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர். பக்கத்தில் அருள்பிரகாஷ் கையில் மாலையோடு நின்றான்.

“அக்காவ விடுங்க பெரியப்பா.”

“நான் யாரும்மா விடுறதுக்கும் தடுக்குறதுக்கும்? உங்கப்பன் வாயால சொன்னது. நீயும்தான அங்க இருந்த? செத்தவன் சொல்ல மீறச் சொல்றியா?”

கதை நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். படித்த திமிர் என்று யாரோ முனகியது கேட்டது. அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. அந்த டம்ளரைப் பற்றிச் சொல்லலாம். சுவரைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் கேட்பார்கள், தலைகுனிவார்கள், ஆனால் நாற்காலி நகராது.

“ஆமா, இருந்தேன்” என்றாள். “நீங்கதான் பாதியிலயே எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டீங்க. மீதிய நான்தான கேட்டேன்.”

“என்ன மீதி?”

அவளுக்கும் தெரியவில்லை. தலையில் போட்டிருந்த சால்வையை வலது காதுக்கு மேல் ஏற்றினாள். கை தானாகப் போனது. தார்ப்பாய்க்குக் கீழே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“அவ எம் மூஞ்சியப் பாக்கக் கூடாதுடின்னாரு. ஏம்ப்பான்னேன். உசுரோட இருக்கயிலயே சகிக்காத மூஞ்சி, செத்தா கேக்கணுமா, அவ பாட்டுக்குப் பயந்துபோயிப் பேச்சு நின்னுருச்சுன்னா…” அப்பா நிறுத்துகிற அளவுக்கு நிறுத்தினாள். “…பேசாத பொண்டாட்டி எங்கப்பா கெடச்சான்னு ஊர்ல உள்ள புருசனெல்லாம் வந்து நிப்பாய்ங்க. எம் மாப்பிள்ளைக்கு மட்டும் எதுக்கு அந்தக் குடுப்பினைன்னாரு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் சொட்டியது. சுப்புராஜ் அவளையே பார்த்தார். சூசையின் சரக்கு எது, எது இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள். அவர் மெதுவாக எழுந்து, வீட்டு வாசலைப் பார்த்து, மேடைக் குரலில் கேட்டார்.

“அண்ணே, இது நியாயமாண்ணே?”

சிரிப்பு தார்ப்பாயைத் தூக்கியது. உள்ளேயிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கிட்ட அப்படிச் சொல்லலியே என்று பெரியப்பா சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். சூசையின் ஜோக் புரியாத ஆள் என்று பெயர் வாங்க அந்த மலையில் யாருக்கும் தைரியம் கிடையாது. சிரித்தபடியே நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்த இடைவெளியில் ஜூலியட் வந்தாள்.

“மாப்பிள்ளை, நீங்களும் வாங்க” என்று சுப்புராஜ் அருள்பிரகாஷுக்குத் தன் நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜூலியட் சத்தம் போட்டு அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். “குளுருமே உங்களுக்கு” என்று ஜூலியட் குல்லாவை இரண்டு காதும் மூடும்படி நன்றாக இழுத்துவிட்டாள். அனிட்டா அவ்வளவு நேரம் போராடிய குல்லா அக்கா கைக்கு உடனே படிந்தது.

சற்று நேரம் கழித்து ஜூலியட் தங்கையின் பக்கம் சாய்ந்தாள்.

“நெசமாவே மாப்பிள்ளைன்னா சொன்னாரு?”

அவள் கண்களில் இருந்ததை அனிட்டாவால் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பேரிக்காய் மரம் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

“ம்” என்றாள்.

சாமியார் வந்தார். மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். யாரோ சென்ட் பாட்டிலைப் பெட்டிக்குள் கவிழ்த்தார்கள். ஒவ்வொருவராக நெற்றியில் முத்தமிட்டு நகர்ந்தார்கள். அம்மா, அக்கா, பெரியப்பா, சுப்புராஜ். கடைசியில் அருள்பிரகாஷ் வாசற்படியிலிருந்தே கும்பிட்டான்.

அனிட்டா குனிந்தாள். முத்தமிடவில்லை. இறுகப் படிந்திருந்த குல்லாவின் ஓரத்தில் விரலை விட்டு நெம்பி, அதை வலது காதுக்கு மேல் ஏற்றிவிட்டாள். அது சறுக்கிக் கீழே இறங்கியது. மறுபடியும் ஏற்றி, நிற்கிறதா என்று பார்த்தாள்.

மூடியைத் தூக்கி வந்த நான்கு பேரும் அவள் கையை எடுக்கட்டும் என்று காத்து நின்றார்கள்.