ஒன்பதாவது கட்டம்

விளையாட்டுத் திட்டத்தில் தொடர்வதற்கான மனுவின் ஒன்பதாவது கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருந்தது. ‘ஆதரவளிப்பவர் பெயர்’ என்று கேட்டிருந்த இடம் அது. அம்மா போன வாரம் அங்கே தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதிக் கொடுத்திருந்தாள். அதை அடித்துவிட்டு, மேலே அதே சிவப்பில் ‘எவருமில்லை’ என்று திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே பத்தாவது கட்டம்: ‘தாய் அல்லது தந்தையின் கையொப்பம்’.

“போடும்மா,” என்றாள் மகள், பேனாவைத் திறந்து நீட்டியபடி. “நாளைக்குக் கடைசி நாள்.”

“யாருமே இல்லேன்னு எழுதிட்டு யாரைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க?”

“அப்பா இல்லாத பிள்ளைங்க எல்லாருக்கும் அப்படித்தாம்மா. எங்க டீம்ல அப்படி இருக்கற ஒன்பது பேருக்கும் அதே செவப்புதான்.”

“உங்கப்பா போய் ஏழு வருஷமாச்சு. இந்த ஏழு வருஷமா உனக்குச் சோறு போட்டது யாராம்?”

மகள் பேனாவை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பதில் எதிரில்தான் உட்கார்ந்திருந்தது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. மைதானத்தில் அவள் பெயர் பூட்டு. அவள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றால் பந்து உள்ளே போகாது என்பதால் கோச் வைத்த பெயர். ‘ஆதரவற்ற சிறார் விளையாட்டுத் திட்டம்’ வருவதற்கு முன் அவள் பள்ளி விட்டதும் வந்து, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, அம்மா வேலை முடிந்து வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இந்த ஒரு வருடத்தில் ஆளே மாறிவிட்டாள். சத்தமாகச் சிரிக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். எதிர்த்துப் பேசுவது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மனுவை வாங்கிக்கொண்ட திட்டச் செயலாளர் நல்ல மனுஷி. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நீங்க வர வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. ஆட்டம் முடிஞ்சதும் பிள்ளைங்கள ஆதரவாளருங்களுக்கு அறிமுகப்படுத்துவோம். அந்த நேரத்துல அம்மான்னு ஒருத்தர், அதுவும் இப்படி மடிப்புக் கலையாத துணியோட நின்னா, பாக்கறவங்களுக்குக் கொழப்பமாயிடும்.”

அம்மா வேலை பார்ப்பது சலவை நிலையத்தில், தேய்க்கும் பிரிவில். மடிப்புக் கலையாத துணி அவளுக்குப் பழகிப்போனது. சனிக்கிழமைக்காக அவள் தன் முறையைக்கூட மாற்றி வாங்கியிருந்தாள். மகள் ஆடி அவள் இதுவரை பார்த்ததில்லை.

“சரிங்க,” என்றாள்.

வெள்ளிக்கிழமை சலவை நிலையத்துக்கு ஒரு மூட்டை வந்தது. பன்னிரண்டு வெள்ளை நாற்காலி உறைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல எழுத்தில் ‘ஆதரவாளர்’ என்று அச்சடித்திருந்தது. அம்மா முதல் உறையை விரித்து, அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுத்து உரியாமல் இருக்க மேலே ஒரு துணியைப் போட்டுப் பன்னிரண்டையும் தேய்த்தாள்.

“முதலாளி, இத நானே கொண்டுபோய் மாட்டிட்டு வந்துடறேன்,” என்றாள்.

சனிக்கிழமை உறைகளை மாட்டி முடிக்கவும் ஆதரவாளர்கள் வந்து சேரவும் சரியாக இருந்தது. பதினோரு பேர்தான் வந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலி சும்மா இருந்தது. அம்மா அதில் உட்கார்ந்தாள்.

செயலாளர் வேகமாக வந்து குனிந்தாள். “இது ஆதரவாளருங்க எடம்மா.”

“தெரியுங்க. நேத்து இந்த எழுத்து மேலதான் தேய்ச்சேன்.”

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். முன்வரிசையில் அம்மாவைப் பார்த்த பூட்டு, கைக்கு வந்த பந்தைக் காலுக்கு நடுவே விட்டாள். அந்த வருடம் பூட்டு திறந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

பக்கத்து நாற்காலிக்காரர் மரியாதையாகக் கேட்டார். “நீங்க எந்தக் கம்பெனி?”

“சலவைக் கம்பெனிங்க.”

“சந்தோஷம். எத்தன பிள்ளைங்களுக்கு ஆதரவு கொடுக்கறீங்க?”

“ஒண்ணுக்குத்தாங்க. அதோ, கம்பத்துக்கிட்ட நிக்குதே.”

“நாங்க முப்பது.”

“எனக்கு அந்த ஒண்ணுக்கே நேரம் சரியாப் போயிடுது.”

அவர் அதை ஆமோதித்துத் தலையாட்டினார்.

கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. பூட்டு இடப்பக்கம் பாய்ந்து அதைத் தடுத்தாள். இரண்டுக்கு ஒன்று என்று பூட்டின் அணி ஜெயித்தது. பதினோரு பேர் கைதட்டினார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குக் கை எழவில்லை. மடியிலேயே கிடந்தது.

செயலாளர் மைக்கைப் பிடித்து, பூட்டின் தோளில் கை வைத்தாள். “இந்தக் குழந்தைக்கு இந்த உலகத்துல எவருமில்லை...”

“இருக்காங்க,” என்றாள் பூட்டு. மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. “கடைசி நாற்காலி.”

புதன்கிழமை கடிதம் வந்தது.

‘தங்கள் மகளுக்கு ஆதரவளிப்பவர் ஒருவர் இருப்பது இறுதி ஆட்ட நாளன்று பலர் முன்னிலையில் தெரியவந்துள்ளபடியால், தங்கள் மகளைத் திட்டத்திலிருந்து நீக்கியுள்ளோம். ஆதரவளிப்பவர்: தாய். கையுறைகளைத் திருப்பி ஒப்படைக்கவும்.’

அம்மா அந்த நடு வாக்கியத்தை இரண்டு தடவை படித்தாள். ஏழு வருடத்தில் அதை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கையுறைகளைத் துவைத்து, காயவைத்து, உறையில் போட்டு வைத்தாள்.

“இனிமே சாயங்காலம் என்ன பண்ணப் போறே?” என்றாள். கேட்கும்போது கண் கதவின் தாழ்ப்பாளில் இருந்தது.

“போகத்தான் போறேன். பட்டியல்தான் அவங்களுது, கம்பம் நகராட்சியோடதுன்னாரு கோச். கையுறைதான் இல்ல.”

அம்மா தன் வேலைப்பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேய்க்கும்போது சூடு தாக்காமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் தடித்த கையுறை.

“சூட்டுக்கே தாங்குது. பந்துக்குத் தாங்காதா?”

“அப்ப உனக்கு?”

“கேட்டா இன்னொண்ணு தருவாங்க. போட்டுப் பாரு.”

மகள் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பெரிசுதான். மணிக்கட்டில், யாருடையது என்று தெரிவதற்காக, சலவை நிலையத்து வழக்கப்படி ஒரு துணிப்பட்டை தைத்திருந்தது. அதில் அம்மாவின் பெயர் எழுத்தெழுத்தாக இருந்தது. யாரும் அதை அடித்திருக்கவில்லை.