சுவர்ப் பக்கம்

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவருக்குத் தெருவில் ‘ஸ்பீக்கர்’ என்று பெயர். தக்காளி அழுகியிருந்தால், கொண்டு வந்தவர் முகத்துக்கு நேரே அழுகல் என்று கூவுகிற ஆள். அப்பேர்ப்பட்ட வாய், வீட்டில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டது. மனைவியின் வாய் நாறியது. அதை எப்படிச் சொல்வது?

ஏலக்காய் வாங்கி வந்தார். கிராம்பு வாங்கி வந்தார். “வாய்க்கு நல்லது” என்று நீட்டினார். கடைசியில் வெக்கை மேல் பழியைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார். மூக்கு தப்பித்தது. மனிதருக்கு அதில் தன் சாமர்த்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமை வேறு.

மனைவி தையல்காரி. கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். போன வாரம் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்து முடித்து, நூலைக் கடித்து இழுத்தாள். நூல் அறுபடவில்லை. முன்பல் கழன்று கையில் விழுந்தது.

பல் டாக்டரம்மா அந்தப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொத்தையே இல்ல, நல்ல பல்லு. ஈறுலதான் நோய். பல்லோரத்துல அழுக்கு கெட்டியாகி காரையா படிஞ்சு, ஈறு வீங்கி, உள்ள பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைஞ்சிருக்கு. பல்லு தேய்க்கும்போது ரத்தம் வந்திருக்குமே?”

“வந்துச்சும்மா. புண்ணாயிடுச்சு போலன்னு அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைக்கிறதில்ல.”

“நிறைய பேர் பண்ற தப்பு இது. ரத்தம் வர்ற எடத்தைத்தான் மெதுவா, நல்லா தேய்க்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காரையை எடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. பக்கத்துப் பல்லும் ஆடுது, அதையாவது காப்பாத்தப் பாக்கலாம். இது பெரும்பாலும் வலிக்காது, அதான் ஏமாத்திடும். ஆனா வாய் நாறுமே. வீட்ல யாரும் சொல்லலயா?”

கூட வந்திருந்த ஸ்பீக்கர் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

படி இறங்கும்போது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“அதுக்குத்தான் செவுத்துப் பக்கம் திரும்பினீங்களா?”

“உன் மனசு நோகுமேன்னு...”

“என்னைப் புடிக்காம போயிடுச்சுன்னு நெனச்சேங்க. மெஷின்ல உக்காந்துக்கிட்டே அழுதிருக்கேன். கேக்கவும் வெக்கமா இருந்துச்சு.”

அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. யார் யாரோ வீட்டுத் தக்காளிக்கெல்லாம் கத்தினேனே, என் வீட்டுக்கு ஒரு வார்த்தை பஞ்சமாகிவிட்டதே என்று மருகினார்.

“பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க,” என்று சிரிக்கப் பார்த்தாள் அவள். “நம்ம வீட்ல சொல்லு போயித்தான் பல்லு போச்சு.”

அன்று படுக்கும்போது அவர் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். அவள் போர்வையை மூக்கு வரை இழுத்து மூடி, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“ஏம்மா, இந்தப் பக்கம் திரும்பேன்.”

“வேணாங்க,” என்றாள். “நாறும்.”