தொண்டையிலிருந்து எடுத்தவை

அத்தானோடு வந்த அக்கா காரை விட்டு இறங்கும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் 'மருத்துவ அருங்காட்சியகம்' என்று பலகை மாட்டி, பூச்செடிகூட வைத்துவிட்டார்கள். நாற வேண்டிய எதுவும் அங்கே பாக்கியில்லை. ஆனால் தங்கை கூப்பிட்ட இடம் நாறாமல் இருந்தால் அக்காவுக்கு எப்படி மனசு ஆறும்?

"இந்தப் பழைய இரும்புக் கடையைக் காட்டவா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எங்களை வரவழைச்சே?"

"உள்ள வா. நீ பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் சின்னவள்.

ஐம்பதைத் தாண்டி, தலை பாதி நரைத்து, ஒரு வகுப்பையே கட்டி மேய்க்கிற டீச்சரான பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். இன்னொரு பெயரும் உண்டு. அதை முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. திருடி.

அக்காவின் பையன் நடை பழகிய காலத்தில் அம்மாவின் தோடு காணாமல் போனது. தங்கத் தோடு, நடுவில் பச்சைக் கல், சுற்றிலும் இலை இலையாக வேலைப்பாடு. அதுவும் ஜோடியாகப் போகவில்லை, ஒன்றே ஒன்று. ஒற்றைக் காதுக்கு எவளாவது திருடுவாளா என்று கேட்க அன்றைக்கு அவளுக்கு ஒரு நாதியில்லை. அம்மாவும் அக்காவும் வெளியே போயிருந்த அந்த மத்தியானம் வீட்டில் இருந்தது அத்தான், குழந்தை, டைப்பிங் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்னவள். மாப்பிள்ளையைச் சந்தேகப்படக் கூடாது. குழந்தையைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. மிச்சம் அவள்தான்.

அம்மா சாகும்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மிஞ்சிய ஒற்றைத் தோட்டை அக்காவிடம் கொடுத்து, "அவ கண்ணுல காட்டாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அக்கா அதற்கும் ஒரு படி மேலே. சின்னவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே பீரோ பூட்டுகிற சத்தம் கேட்கும். இப்போது பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி வீட்டில் நகையும் பட்டுமாகக் கிடக்கிறது. சின்னவள் போனால் முன்னறையோடு சரி.

போன வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த இடத்தில், கண்ணாடிக்குள்ளே, அந்தத் தோட்டைப் பார்த்தாள். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா அதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, 'நீ எடுக்கலைடி' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அழுவதா, கட்டிக்கொள்வதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே, பழைய சீட்டு எழுதுகிற ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி ஓடிய காலத்தில் மருந்து கலக்கிக் கொடுத்த அதே ஆள்தான். இப்போது சுற்றிக் காட்டுகிற வேலை. மூன்று பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்புக்குறி போட்டிருக்கு, அந்த வழியாத்தான் வரணும்" என்று முன்னால் நடந்தார்.

இரும்புக் கட்டில்களைக் காட்டினார். மாவுக்கட்டு வெட்டுகிற ரம்பத்தைக் காட்டினார். குழந்தைகளை எடை போடுகிற தராசைக் காட்டினார். படுக்கையில் வைக்கிற மலப்பாத்திரத்தைக்கூட விடவில்லை. "இதுக்கெல்லாமா டிக்கெட்?" என்று அக்கா ஒவ்வொரு அலமாரி முன்னாலும் முணுமுணுத்தாள். அத்தான் மட்டும் வாயே திறக்கவில்லை. கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அவருக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது அறையில், சுவரில், கண்ணாடி போட்ட பெரிய பலகை. நீல வெல்வெட் துணியில் காசு, ஊக்கு, விசில், பித்தான், ஒரு பாதிப் பல்செட்டு, ஒவ்வொன்றும் நூலால் தைத்து நிறுத்தியிருந்தது.

"எங்க டாக்டர் வழக்கம் இது" என்றார் கம்பவுண்டர். "குழந்தைங்களோ பெரியவங்களோ முழுங்கினதைத் தொண்டையிலேர்ந்து எடுத்தார்னா, கூட வந்தவங்ககிட்ட கேட்டுட்டு இங்க தைச்சு வச்சுடுவார். இதைப் பார்த்தாவது ஜனங்க பத்திரமா இருப்பாங்களேன்னு."

விசிலுக்குப் பக்கத்தில் அது இருந்தது. பச்சைக் கல், சுற்றிலும் இலைகள். கீழே 'ஆண், ஒன்றரை வயது' என்று மட்டும் ஒரு சின்னச் சீட்டு.

அக்கா அதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அத்தான் எதிர்ச்சுவரில் இருந்த கண்ணாடி ஊசிகளை, வாழ்நாளில் ஊசியையே பார்க்காதவர் மாதிரி, ரசிக்கத் தொடங்கியிருந்தார்.

"இந்தத் தோட்டைப் பத்திச் சொல்லுங்க. அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்களே" என்றாள் சின்னவள்.

"அதை மறக்க முடியுமா? தங்கமாச்சே! கொண்டு போங்கன்னு டாக்டர் நீட்டினார். குழந்தையோட அப்பா கையெடுத்துக் கும்பிட்டுட்டார். வீட்டுக்குக் கொண்டு போனா பிள்ளையைச் சரியா பார்த்துக்கலைன்னு மாமியார் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க, நீங்களே வச்சுக்கோங்க டாக்டர்னார். நல்ல சுருட்டை முடி அவருக்கு. அதான் ஞாபகம் இருக்கு."

அத்தானின் தலையில் இன்று சீப்புக்கு வேலையில்லை. கம்பவுண்டர் அவரைத் தாண்டி அடுத்த அறை ஜன்னலைத் திறக்கப் போனார்.

"சொல்லு அக்கா" என்றாள் சின்னவள். "இப்பவாவது சொல்லு."

"என்ன சொல்லணும்? அன்னிக்கு ராத்திரியே இவர் என்கிட்ட சொல்லிட்டார்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. ராத்திரியே என்றால்? தோடு காணோம் என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டதும், அவள் பெட்டியைத் திறந்து துணிமணியையெல்லாம் தரையில் கொட்டியதும் மறுநாள் காலை. கொட்டியவள் அக்கா.

"தெரிஞ்சுமா என் துணியைக் கொட்டினே?"

"கத்தாதே. அம்மாவுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. இதுவும் தெரிஞ்சிருந்தா எங்களை வீட்டை விட்டே துரத்தியிருப்பா. நீ அவ பெத்த பொண்ணு, நாலு நாள் திட்டிட்டு விட்டுடுவான்னு நெனச்சேன்."

"விட்டாளா?"

"விடலை. அதுக்கு நான் என்ன பண்ண?"

"சரி, அம்மாவுக்குப் பயந்து பீரோவைப் பூட்டினே. அம்மா போனப்புறம்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"பழகிப்போச்சு" என்றாள்.

அக்கா உண்மையாகவே தன்னைத் திருடி என்று நம்பினாள் என்பதுதான் இத்தனை காலமும் சின்னவளுக்கு இருந்த ஒரே ஆறுதல். தெரியாமல் செய்கிறாள், பாவம் என்று ஒவ்வொரு முறையும் மனசைத் தேற்றிக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறாள். அப்படிப் பாவம் பார்த்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது அவளை வெறுத்தாள்.

"நீ நம்பிட்டேன்னு நெனச்சு உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன், தெரியுமா?"

"இந்தா, பழசைக் கிளறாதே. கல்யாணம் வச்சிருக்கிற வீடு. சம்பந்தி காதுக்குப் போனா இவர் மானம் என்ன ஆகும்?" அக்கா அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டு, பலகையை நெருங்கிக் கண்ணாடிமேல் கையை வைத்தாள். "ஐயா, இது எங்க அம்மாவோட தோடு. இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. கொடுத்துடுங்க, ஜோடி சேர்ந்துடும். வரப்போற மருமகளுக்குப் போடலாம்."

கம்பவுண்டர் அடுத்த அறையிலிருந்து அவசரமாகத் திரும்பி வந்தார். "அப்படியெல்லாம் தூக்கிக் கொடுக்க முடியுங்களா? உங்களுதுதான்னு யார் சொல்றது?"

"இதோ, இவரே சொல்வார்" என்றாள் அக்கா. அத்தான் தொண்டையைக் கனைத்தார். ஊசிகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமியார் செத்தும் அவருக்கு வாய் திறக்கவில்லை.

"அப்ப என் தங்கச்சியைக் கேளுங்க. இவளுக்குத் தெரியும். சொல்லேன்டி!"

கம்பவுண்டர் சின்னவளைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வந்த டீச்சர், நம்பலாம் என்கிற மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

சின்னவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. வாசல்ல பார்த்தேன், கூடவே வந்துட்டாங்க."

"ஏய்!" என்றாள் அக்கா.

கம்பவுண்டர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மாறிய விதம் சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்த விதம்தான். எத்தனை வீட்டு விசேஷங்களில், எத்தனை பேர் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறாள்.

"கண்ணாடியிலேர்ந்து கையை எடும்மா" என்றார் அவர்.

சின்னவள் அம்புக்குறியைப் பார்க்காமல் வந்த வழியே வெளியே நடந்தாள்.