கருவி ஏமாறக் கூடாது

“எங்கேயோ ஒருத்தன் அணுகுண்டு வெடிச்சுப் பாப்பான். அந்தக் காத்து இங்க வந்ததும் நீங்க பிடிச்சு வெச்சு மோப்பம் பாப்பீங்க. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“பாத்துட்டு?”

“வெடிச்சிருக்குன்னு சொல்லுவோம்.”

“அது வெடிச்சவனுக்கே தெரியுமேங்க.”

கல்யாணமான புதிதில் அவள் கேட்டது. அன்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். இப்போது அவள் படுத்திருக்கும் மருத்துவமனை அறையின் வாசலில் நிற்கும்போது அது ஏனோ நினைவுக்கு வந்தது.

மூச்சுத்திணறலோடு நேற்று கொண்டுவந்தவளை, நுரையீரலைப் படம் எடுப்பதற்காக ஒரு வாயுவை இழுக்கச் சொன்னார்கள். செனான். குண்டு வெடித்தால் மண்ணுக்கடியிலிருந்து கசிந்து வரும் அதே வாயு. அதைக் காற்றிலிருந்து பிரித்து அளப்பதுதான் அணுவெடிப்பைக் கண்காணிக்கும் நிலையத்தில் அவருடைய வேலை. இந்தச் சோதனை செய்துகொண்டவர் பக்கத்தில் இருந்துவிட்டு யாரும் நிலையத்துக்குள் வரக்கூடாது. சட்டையில் துளி ஒட்டி வந்தாலும் கருவி ஏமாந்துவிடும். அந்த விதியை எழுதியவர் அவரேதான்.

போன வருடமும் அவளுக்கு இதே சோதனை நடந்தது. ஒரு வாரம் அவர் கூடத்தில் படுத்தார். “வியாதி எனக்கு, ஜெயிலு உங்களுக்கா?” என்று உள்ளிருந்து கேலி செய்தாள். பிறகு ஏதோ கேட்க வந்தவள், “ஒண்ணுமில்ல, தூங்குங்க” என்றாள்.

நர்ஸ் வெளியே வந்தாள். “டாக்டர் சொல்லிட்டாருல்ல சார். சாயங்காலம் வரைக்கும் தாங்குறதே பெருசு. ஏன் வெளியவே நிக்கிறீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. நிலையத்து உதவியாளன்.

“சார், எல்லைக்கு அந்தப் பக்கம் நேத்து நிலம் அதிர்ந்திருக்கு. காத்து இன்னிக்கு நம்ம பக்கம் வருது. உங்களை விட்டா ஆளில்ல. அக்கா கிட்ட மட்டும் போயிடாதீங்க.”

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் அறைக்குள் பார்த்தார்.

கட்டிலில் அவள் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள். “வெடிச்சிருச்சா?”

“பாத்தாத்தான் தெரியும்.”

சிரிக்கப் பார்த்தாள். இருமலாகப் போயிற்று. அவருடைய கால் நிலைப்படியைத் தாண்ட எழுந்து, அங்கேயே நின்றது.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றது ஃபோன்.

இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

“என்னங்க.”

“சொல்லு.”

“போன வருஷமே கேக்கணும்னு நெனச்சேன்” என்றாள். “பக்கத்துல வந்து உக்காருங்க.”