ஞாயிறு இணைப்பு, நான்காம் பக்கம்

இறந்துபோன அம்மாவின் நடுவிரலில் இருந்த மைக்கறையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த மகளுக்கு, அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது. துணியைப் போட்டுவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினாள்.

“சார், அம்மா கடைசியா எழுதின பத்தியை நிறுத்த முடியுமா?”

“இணைப்பு வியாழக்கிழமையே அடிச்சாச்சும்மா,” என்றார் பத்திரிகையின் உதவி ஆசிரியர். “இந்நேரம் வீடு வீடா போயிருக்கும். அது... உங்களுக்குத் தெரிஞ்சுதான் எழுதினாங்கன்னு நெனச்சோம்.”

வலைப்பூ என்ற பேச்சே உலகத்தில் இல்லாத காலம் அது. முப்பது வருடமாக அம்மா வாராவாரம் தன் வீட்டை ஊருக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது, மகள் கணக்கில் கோட்டை விட்டது, எல்லாம் அச்சில் ஏறிவிடும். வாசகிகள் மூட்டை மூட்டையாகப் பதில் போடுவார்கள். மகளுக்கு மானம் போகும்.

அப்படிப்பட்டவளிடம்தான் பத்து நாளைக்கு முன்னால் மகள் மனம்விட்டுச் சொன்னாள். கதவிடுக்கில் நசுங்கியதாக ஊரெல்லாம் சொன்ன விரல், உண்மையில் கணவன் முறுக்கி உடைத்தது. வெளியே மூச்சு விட்டால் மிச்சம் ஒன்பது இருக்கிறது என்றும் சொல்லியிருந்தான்.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா.”

அம்மா படுக்கையிலிருந்தபடியே பேனா கேட்டாள்.

கூடத்தில் அம்மாவின் வாசகிகள் வந்து நிறைந்தார்கள். யாரையும் மகளுக்குத் தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். வழியில் பார்த்தால், “இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவியே, நீதானே?” என்று கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள் இன்று அவளுடைய கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார்கள். பிறகு அவள் கணவனைப் பார்த்தார்கள்.

“பேப்பர் எங்கே? அத்தையோட கடைசிப் பத்தியாச்சே,” என்றான் அவன். “எல்லாருக்கும் நானே படிச்சுக் காட்டறேன்.”

“இன்னிக்குப் பேப்பர் வரலை தம்பி,” என்றாள் வாசலோரம் உட்கார்ந்திருந்த பருத்த பெண்மணி. அவள் சேலைக்கு அடியிலிருந்து செய்தித்தாளின் ஓரம் எட்டிப் பார்த்தது.

“அதெப்படி வராம போகும்? கடையில வாங்கிட்டு வரேன்.”

“நான் போறேங்க,” என்று பின்னாலேயே ஓடினாள் மகள்.

“நீ உங்கம்மா பக்கத்துல இரு.”

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடினான்.

“இன்னொண்ணு எங்க போய்த் தொலைஞ்சுது?”

உள்ளே பெண்கள் ஒவ்வொருவராக எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அவனுடைய செருப்பு மகளின் காலடியில் இருந்தது. அவள் காலை எடுக்கவில்லை.