எடுத்துக்கிட்டேன், நீங்க போலாம்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. டூட்டி மாறும்போது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் கட்டில் கட்டிலாகச் சேர்ந்து நடக்க வேண்டும். போகிறவள் ஒவ்வொரு நோயாளியின் நிலைமையையும் சொல்லிக்கொண்டே வருவாள். கடைசிக் கட்டிலில் நின்று வருகிறவள், "எடுத்துக்கிட்டேன், நீங்க போலாம்" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்காமல் வார்டு வாசலைத் தாண்டக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் சரி.

அதை உரிய நேரத்தில் கேட்டு எனக்கு மாதக்கணக்காகிறது. இருக்கிற ஆட்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். "செத்த நேரம் பாத்துக்க சகாயசெல்வி" என்று ஹெட் நர்ஸ் போனில் சொல்வார். அவருடைய செத்த நேரம் முடிவதற்குள் விளக்கு வைக்கிற பொழுதாகிவிடும். வீட்டில் என் மகள் தமிழ்நிலா இன்னும் பால்குடி மறக்கவில்லை. இங்கே எனக்கு மார்பு கட்டிக்கொண்டு விண்விண்ணென்று தெறிக்கும்.

அன்று காலையிலிருந்தே பிள்ளை புட்டியைத் தொடவில்லை, அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்று என் வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ் போன் செய்தார். மத்தியான டூட்டி மாறியதும் ஓடி வந்துவிடுகிறேன் என்றேன். மத்தியானம் வந்தது. மாற்று நர்ஸ் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் காந்திகிராமம் பல்கலைக்கழகத்தில் படிக்கிற கீர்த்தனா என்ற பெண் வந்து நின்றாள். நர்ஸுகளுக்கு வேலையில் திருப்தி இருக்கிறதா என்று ஆராய்ச்சியாம்.

"ஓய்வு நேரம் போதுமா இருக்கா சிஸ்டர்?"

"ஒன்னுக்குப் போகவே நேரமில்ல. நீ வேற."

"மேலதிகாரிங்க பாராட்டுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். "நீங்களாவது உள்ளதச் சொல்றீங்க. அந்தச் சிஸ்டர் எல்லாத்துக்கும் திருப்தி, திருப்தின்னாங்க."

"எந்தச் சிஸ்டர்? இங்க நான் ஒருத்திதான இருக்கேன்."

"ஜன்னல் பக்கம் நின்னாங்களே. வெள்ளைச் சேலை, தலையில தொப்பி. ஒன்னே ஒன்னுதான் கொறையாம். நீங்க போலாம்னு யாரும் வந்து சொல்லலியாம்."

அவள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் போடுவது நீலச் சட்டையும் பேன்ட்டும். வெள்ளைச் சேலையும் தொப்பியும் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே ஒழிந்துபோனவை.

திரும்பிப் பார்த்தேன். முதல் கட்டிலருகே அவள் நின்றிருந்தாள். கஞ்சி போட்ட தொப்பி. வெயில் அவள்மேல் விழுந்தது, தரையில் நிழல் விழவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டைக்குள் பால் கசிந்துகொண்டிருந்தது. பேயோ பிசாசோ, டூட்டியை மாற்றிக்கொண்டால் போதும் என்று அவளிடம் போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "இவங்களுக்குச் சுகர் கூடக் கெடக்கு. கால் புண்ணுக்குக் கட்டு மாத்தியாச்சு." அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். "இவங்களுக்கு ட்ரிப்ஸ் முடியப் போகுது." ஒன்றுகூடத் தப்பில்லை. நானும் தலையை ஆட்டியபடி பின்னாலேயே நடந்தேன். டூட்டி மாறும்போது தலையாட்டிப் பழகிய கழுத்து.

கடைசிக் கட்டில் மாயக்காளுடையது. தோட்ட வேலை பார்க்கிற அம்மா, ஆப்பரேஷன் முடிந்து படுத்திருந்தாள். "இவங்களுக்கு மருந்து குடுத்தாச்சு. அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு அவள் என் முகத்தையே பார்த்தாள்.

பழக்கதோஷம். யோசிக்கும் முன்னே வார்த்தை வந்துவிட்டது.

"எடுத்துக்கிட்டேன்க்கா, நீங்க போலாம்."

அவள் முகம் கோணியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நல்லாயிருப்ப தாயி" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள். போகிறவள்தான் நிலைமையைச் சொல்லுவாள், வருகிறவள் கேட்டுக்கொள்ளுவாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கால் நிலையைத் தாண்டவில்லை. பலம்கொண்ட மட்டும் உந்திப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன், முடியவில்லை.

படியில் செருப்புச் சத்தம். ஸ்டீபன்ராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். பொறுக்க முடியாமல் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

நேராக என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், சகாயசெல்வி இருக்காங்களா? அவங்க வீட்டுக்காரர்ங்க நான்."

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். கண்ணில் விளையாட்டு இல்லை. மாயக்காள் கட்டிலில் இருந்தபடியே, "அந்தப் பொண்ணு இப்பத்தானப்பா எறங்கிப் போச்சு" என்றாள்.

தமிழ்நிலா என்னைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என் பக்கம் தாவினாள்.

"புது ஆளுககிட்ட போகவே போகாதுங்க. இன்னைக்கு என்னமோ பசியில இப்படிப் பண்ணுது" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

நான்தாங்க என்று கத்த வாயைத் திறந்தேன். "பார்வையாளர் நேரம் முடிஞ்சிருச்சுங்க" என்றுதான் வந்தது.

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். தோளுக்கு மேலாகப் பிள்ளை என்னைப் பார்த்துக் கதறிக்கொண்டே போனாள். நான் தலையில் கையை வைத்தேன். கஞ்சி போட்ட துணி விறைப்பாகக் கையில் தட்டுப்பட்டது. கீழே என் வெள்ளைச் சேலை பாலில் நனைந்துகொண்டிருந்தது.